துப்பாக்கி உரிமம் (இந்தியா)

துப்பாக்கி உரிமம்: சுடுகலனை வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் அரசு தரும் எழுத்து அனுமதி. 1878 ஆயுதச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 1959 ஆயுதச் சட்டமும் 2016 விதிகளும் இதை நெறிப்படுத்துகின்றன. இந்தியாவில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று; உரிமமில்லாத் துப்பாக்கிகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் அமெரிக்க நிலையோடு ஒப்பிட்டு இதைச் சுட்டியது.

விண்ணப்பம் மீது விண்ணப்பதாரருக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கை பெறப்படும். எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரம் மாவட்டம் கழக்கூட்டத்தில் வசிப்பவர் குறித்து அவ்வூர்க் காவல் நிலையமே விசாரிக்கும். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிவதும் (பிரிவு 14) மேல்முறையீடும் (பிரிவு 18) சட்டத்தில் உள்ள காப்புகள். வழக்குகள் பெரும்பாலும் இவ்விரண்டைச் சுற்றியே எழுகின்றன. தேர்தல் காலத்தில் எல்லா உரிமதாரரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டுமா என்பதும் நீதிமன்றங்களுக்குப் போன கேள்வி.

2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாக்கியது. குடகில் கொடவர் சமூகத்தினருக்கும் ஜம்மா எனும் பரம்பரை நிலவுரிமை உடையோருக்கும் உரிமம் பெறுவதிலிருந்து உள்ள விலக்கு, காலனியக் காலத்தின் எச்சமாயினும், 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நிலைத்தது.

கேரளத்தில் உரிமத்தின் பயன் வேளாண்மையில்தான் வெளிப்படை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. சுடுவோர் உரிமதாரராக இருத்தல் வேண்டும்.