நர்சரித் தொட்டி அளவுகள்

நர்சரியில் செடியின் விலையைப் பெரும்பாலும் தொட்டியின் அளவே தீர்மானிக்கிறது. அந்த அளவைக் குறிக்கும் எண்ணோ பல நாடுகளில் பல விதம். குழப்பம் அதிகம் அமெரிக்காவில்தான்.

அமெரிக்கத் திரவ கேலன் 3.785 லிட்டர். அங்கே ‘ஒரு கேலன்’ என்று விற்கப்படும் தொட்டியில் பெரும்பாலும் 3 லிட்டர் மண்கூடக் கொள்ளாது. ‘ஐந்து கேலன்’ கணக்குப்படி 19 லிட்டர் இருக்க வேண்டும். பல தொட்டிகள் 14, 15 லிட்டரோடு நின்றுவிடும். இதற்கு ‘வணிக கேலன்’ என்று கௌரவமான பெயர் வேறு! கேலன் பேச்சு தகர டப்பாவிலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலிபோர்னிய நர்சரிகள் உணவு அடைத்து வந்த பழைய தகர டப்பாக்களில் செடி வளர்த்து விற்றன. டப்பாவை வெட்டித்தான் செடியை வெளியே எடுப்பார்கள். பிளாஸ்டிக் வந்ததும் தகரம் ஒழிந்தது; கேலன் பேச்சு ஒழியவில்லை.

அந்நாட்டின் நாற்றுத் தரவிதியான ஏஎன்எஸ்ஐ இசட்60.1, கேலனை விட்டுவிட்டு #1, #3, #5, #15 என வகை எண்களைத் தருகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் கொள்ளளவு உண்டு. #1 வகையில் இது ஏறத்தாழ 2.5 முதல் 4.1 லிட்டர் வரை. ஆகவே ஒரே எண் போட்ட இரண்டு தொட்டிகளில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தாலும் விதிமீறல் இல்லை.

ஐரோப்பாவில் இந்தத் தொல்லை குறைவு. ‘சி3’ என்றால் 3 லிட்டர் தொட்டி. ‘பி9’ என்றால் வாய் 9 செ.மீ. அகலமுள்ள சிறு தொட்டி.

வாயகலத்தை மட்டும் சொல்லும் அளவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே வடிவத் தொட்டியில் 4 அங்குலம் 8 ஆனால் மண் இரு மடங்கல்ல, எட்டு மடங்கு. நாற்று வளர்க்கும் பாலித்தீன் கவரிலோ, தட்டையாக வைத்து அளந்த அகலத்தைச் சொல்வதுதான் வழக்கம். 6 அங்குலக் கவரில் மண் நிரப்பினால் அதன் குறுக்களவு 4 அங்குலத்துக்கும் குறைவு.

தொட்டி பெரிதாக இருப்பதாலேயே செடியும் முதிர்ந்தது என்று சொல்ல முடியாது. போன வாரம் சிறு தொட்டியிலிருந்து மாற்றிய செடிக்கும் பெரிய தொட்டி விலையே போடப்படலாம். அப்படிப்பட்ட செடியை மெல்ல உருவினால் புது மண் பொலபொலவென்று உதிரும். வேர் நன்கு பிடித்த செடியில் மண் கட்டியாக நிற்கும். வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் அது அங்கே நெடுநாள் நெருக்கியடித்துக் கிடந்த செடி. மரக்கன்று என்றால் வாங்காமல் விடுவதே மேல்.

வாங்குபவர்கள் கொள்ளளவை லிட்டரில் கேட்டு, விற்பவர் அனுமதித்தால் வேரையும் பார்த்துவிட்டு, அதன்பிறகு விலை பேசுவது நல்லது.