மாமுக்கோயா: கோழிக்கோட்டு மாப்பிள்ளைப் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்தவர்

மலையாளப் படம் பார்ப்பவர்களுக்கு மாமுக்கோயாவைத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரியும். ஒல்லியான உடம்பு, முன்னால் நீண்ட பற்கள், எதிராளி வாய் திறப்பதற்குள் வந்து விழும் பதில். 450க்கும் அதிகமான படங்களில் நடித்தவர். நாயகனாக நடித்தது அபூர்வம். டீக்கடைக்காரர், தரகர், திருடன், பக்கத்து வீட்டுக் காக்கா, இப்படித்தான் பெரும்பாலான வேடங்கள். 2023 ஏப்ரல் 26 அன்று கோழிக்கோட்டில் 76ஆம் வயதில் வஃபாத்தானார்.

சினிமா கூடுமா கூடாதா என்ற விவாதம் தனி. அதற்குள் நாம் இங்கே போகவில்லை. நாம் பார்க்க விரும்புவது வேறு விஷயம். திரையில் ஒரு முஸ்லிம் எப்படிப் பேசுகிறார், யாராக வருகிறார் என்பதில் இந்த மனிதரால் என்ன மாறியது?

மாமுக்கோயா 1946 ஜூலை 5 அன்று கோழிக்கோட்டில் பிறந்தார். உள்ளூரில் எம்.எம். உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிழைப்பு கல்லாயியில். நிலம்பூர் காடுகளில் வெட்டிய மரம் சாலியாற்றில் மிதந்து வந்து கல்லாயி மரக்கடைகளில் சேரும். ஒரு காலத்தில் உலகின் பெரிய மரச் சந்தைகளில் ஒன்றாக அந்த ஊரைச் சொல்வார்கள். அங்கே மரத்தடிகளை அளந்து, குறி போடும் வேலை மாமுக்கோயாவுக்கு. பகலில் மரம், இரவில் நாடகம்.

அன்றைய கோழிக்கோட்டு நாடக மேடை சாதாரணமானது அல்ல. கே.டி. முஹம்மது போன்றவர்கள் சமுதாயத்தின் உள் விவகாரங்களையே நாடகமாக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. மேடையில் நடித்ததற்காக நிலம்பூர் ஆயிஷாவைத் துப்பாக்கியால் சுடும் அளவுக்குப் போனவர்களும் உண்டு. அந்தச் சூழலில் பழகி வந்த மாமுக்கோயாவை நிலம்பூர் பாலன் 1979ல் தமது ‘அன்யருடெ பூமி’ படத்தில் நடிக்க வைத்தார். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் யாரும் கூப்பிடவில்லை. மீண்டும் மரம் அளக்கப் போய்விட்டார்.

1983ல் ‘சுறுமயிட்ட கண்ணுகள்’ படத்தில் அவருக்கு ஒரு வேடம் கொடுக்கச் சொன்னவர் எழுத்தாளர் வைக்கம் முஹம்மது பஷீர். பேப்பூரில் வாழ்ந்த பஷீருக்கு மாமுக்கோயா நன்கு பழக்கமானவர். (பஷீர் மறைந்ததும் ஒரு ஜூலை 5ஆம் தேதிதான், 1994ல்.) பிறகு 1986ல் சிபி மலயில் இயக்கிய ‘தூரெ தூரெ ஒரு கூடு கூட்டாம்’ படத்தில் அரபி ஆசிரியர் வேடம். அந்த ஒரு படத்தில்தான் கேரளம் முழுக்க அவரைக் கவனித்தது. மரம் அளக்கும் வேலைக்கு அதன்பின் அவர் திரும்ப வேண்டி வரவில்லை.

அதுவரை மலையாளப் படங்களில் வந்த முஸ்லிம் பாத்திரங்களுக்கென்று ஒரு செயற்கைப் பேச்சு இருந்தது. ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘ஞம்மள்’ என்று இழுப்பார்கள். மலபாரில் எந்த வீட்டிலும் அப்படி யாரும் பேசுவதில்லை. நமக்கு இது புதிதல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் மக்களைத் தமிழ் சினிமா ‘நம்பள்கி நிம்பள்கி’ என்று பேச வைத்துச் சிரித்த கதையை நாம் அறிவோம். எழுதுபவருக்கும் நடிப்பவருக்கும் அந்தச் சமுதாயத்தின் வாசல்கூடத் தெரியாதபோது இப்படித்தான் நடக்கும். மாமுக்கோயா கல்லாயி மரக்கடையில் பேசிய அதே பேச்சைக் கேமராவுக்கு முன்னும் பேசினார். குரலை மாற்றவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை. 1991ல் வந்த ‘சந்தேசம்’ படத்தில் அவருக்குக் கே.ஜி. பொதுவாள் என்ற இந்துப் பாத்திரம். அப்போதும் அவர் வாயில் கோழிக்கோடுதான்.

அவருடைய பெயர் நிலைத்தது 1987ல் சத்யன் அந்திக்காடு இயக்கத்தில், ஸ்ரீனிவாசன் எழுத்தில் வந்த ‘நாடோடிக்காற்று’ படத்தில். வேலையில்லாத இரண்டு இளைஞர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு துபாய்க்கு உரு ஏற்றி அனுப்புவதாகச் சொல்லும் கஃபூர்க்கா அவர். இறங்கியதும் போட்டுக்கொள்ள அரபி உடை, சொல்ல வேண்டிய ஸலாம் எல்லாம் கற்றுக் கொடுத்து அனுப்புவார். அவர்கள் கரையேறிப் பார்த்தால் தமிழ்ப் பலகை தெரியும். அது சென்னைக் கடற்கரை! அடுத்த ஆண்டே இந்தப் படம் ‘கதாநாயகன்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது.

முஸ்லிம் என்றால் ஏமாற்றுக்காரன் என்று காட்டிவிட்டார்களே என்று கஃபூர்க்காவைக் குறித்துச் சிலர் சொல்வதுண்டு. அந்த ஆட்சேபத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டோம். இந்தப் படத்தின் வெற்றிக்குப் பிறகு தரகர், பிக்பாக்கெட் வேடங்களுக்கு மாமுக்கோயாவையே கூப்பிட்டார்கள் என்பது உண்மை. பழனியில் நடக்கும் ‘மழவில்காவடி’யில்கூட அவர் ஜேப்படிக்காரர் குஞ்ஞிக்காதர்தான். ஆனால் கஃபூர்க்கா வானத்திலிருந்து விழுந்தவர் அல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மலபார்க் கரையிலிருந்து எத்தனையோ பேர் பாஸ்போர்ட் இல்லாமல் லாஞ்சில் ஏறி, கோர்ஃபக்கான் பக்கம் கடலில் குதித்து நீந்திக் கரை சேர்ந்தார்கள். சேராதவர்களும் உண்டு. ஏஜெண்டிடம் பணத்தைப் பறிகொடுத்த வீடுகள் நம் ஊர்களிலும் இல்லையா? அந்தப் பேராசையையும் ஏக்கத்தையும் சேர்த்துத்தான் ஜனங்கள் சிரித்தார்கள். மேலும், கஃபூர்க்காவின் மார்க்கத்தை வைத்து அந்தப் படம் ஒரு இடத்திலும் கேலி செய்யவில்லை. இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறோம்.

சிரிக்க வைப்பதற்கு மட்டுமே அவர் என்று இருந்த எண்ணத்தை மாற்றியது கமல் இயக்கி 2004ல் வெளிவந்த ‘பெருமழக்காலம்’. சவூதியில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற கணவனைக் காப்பாற்ற, கொல்லப்பட்டவரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுப் பாலக்காட்டு அக்ரஹாரத்துக்கு வருகிறாள் ரஸியா. கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னித்தால் தண்டனை நீங்கும் என்ற இஸ்லாமியச் சட்டம்தான் கதையின் ஆணிவேர். முஸ்லிம் அல்லாத ரசிகர்களுக்கு இந்த ஏற்பாட்டை இவ்வளவு எளிமையாகப் புரிய வைத்த வேறொரு படம் நம் நினைவில் இல்லை. அதில் ரஸியாவுக்குத் துணை நிற்கும் அப்துவாக மாமுக்கோயா வருகிறார். அதே பேச்சுதான், ஆனால் சிரிப்பு வராது, தொண்டை அடைக்கும். கேரள அரசின் சிறப்புப் பாராட்டு அவருக்குக் கிடைத்தது. இந்தக் கதையைத் தழுவி 2006ல் இந்தியில் ‘டோர்’ வந்தது.

சிறந்த நகைச்சுவை நடிகருக்கென்று கேரள அரசு 2008ல் புதிதாக ஏற்படுத்திய விருதை, ‘இந்நத்தெ சிந்தா விஷயம்’ படத்துக்காக முதலில் பெற்றவரும் அவர்தான்.

கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த நல்ல வேடம் 2021ல் வந்த ‘குருதி’. வெறுப்பு இரு பக்கமும் மனிதர்களை எப்படித் தின்கிறது என்று சொல்லும் படம். ஓர் இரவு, ஒரு வீடு, கொலை செய்யத் துடிக்கும் கூட்டம். அந்த வீட்டின் வயதான, நோயுற்ற தந்தை மூஸா காதராக மாமுக்கோயா. இதே காலத்தில், அவருடைய பழைய பட வசனங்களை வெட்டி எடுத்து ‘தக் லைஃப்’ என்று இளைஞர்கள் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் நடிக்க வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் அவருக்கு ரசிகர்கள்.

மலையாள சினிமா சென்னையை மையமாகக் கொண்டிருந்தபோதும், பிறகு கொச்சிக்கு மாறியபோதும் அவர் கோழிக்கோட்டை விட்டு நகரவில்லை. 2023ல் நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் நாள், மலப்புறம் மாவட்டம் காளிகாவு அருகே ஒரு செவன்ஸ் கால்பந்துப் போட்டியைத் தொடங்கி வைக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. அவருடன் பல படங்களில் நடித்த இன்னசென்ட் மறைந்து அன்றோடு சரியாக ஒரு மாதம்.

கோழிக்கோடு டவுன் ஹாலில் ஜனாஸா வைக்கப்பட்டபோது ஊர் திரண்டு வந்தது. திரையுலகின் பெரிய முகங்கள் போதிய அளவு வரவில்லை என்று ஓர் இயக்குநர் பின்னர் அஞ்சலிக் கூட்டத்தில் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். வெளிநாட்டில் இருந்தவர்கள் தொலைபேசியில் பேசினார்கள் என்று சொல்லிக் குடும்பத்தினர் அந்தப் பேச்சை வளரவிடவில்லை. ஏப்ரல் 27 காலையில் கண்ணம்பறம்பு கபர்ஸ்தானில் நல்லடக்கம் நடந்தது.