வானம் பார்த்த நிலமும் அரசின் கடமையும்

முன்னுரை

மழையை மட்டுமே நம்பிப் பயிரிடப்படும் நிலத்தை மானாவாரி என்றும் வானம் பார்த்த பூமி என்றும் தமிழர் வழங்குவர். இந்தியாவின் நிகர சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழப் பாதி இத்தகையது. இந்நிலத்தின்பால் அரசுக்குள்ள கடமை பற்றிய சிந்தனை, சங்ககாலம் முதல் தில்லியில் இன்று வகுக்கப்படும் திட்டங்கள் வரை மாறி வந்துள்ளமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியம் காட்டும் இருநெறிகள்

புறநானூற்றின் 18ஆம் பாடலில், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை கூறுகிறார். விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் நிலம் எவ்வளவு அகன்றதாயினும் அரசனின் முயற்சிக்குத் துணைநிற்பதில்லை. ஆதலின் பள்ளம் கண்ட இடங்களில் நீரைத் தேக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மானாவாரியை மானாவாரியாகவே வளப்படுத்தும் எண்ணம் இங்கு இல்லை; நீர்நிலை அமைத்து அதன் இயல்பை மாற்றுவதே தீர்வாகிறது.

திருக்குறள் (1037) வேறொரு நெறியைக் காட்டுகிறது. புழுதி நாலில் ஒரு பங்காக வற்றும்படி உழுது காயவிட்டால் எருவின்றியும் பயிர் செழிக்கும் என்கிறது அது. முன்னது வேந்தன் செய்யவேண்டிய நீர்ப்பணி. பின்னது உழவன் கையிலுள்ள மண்பணி. மழைநீர் மண்ணுள் இறங்க வழிசெய்யும் கோடையுழவு இப்பின்னதன் தொடர்ச்சி எனலாம்.

தில்லி வகுத்த வழி

1930களில் சோலாப்பூர், பிஜாப்பூர், ஹகரி, ராய்ச்சூர், தில்லிக்கு அண்மையிலுள்ள ரோத்தக் ஆகிய இடங்களில் புன்செய் ஆய்வுகள் தொடங்கின. வரப்பமைத்து மழைநீரைக் காப்பதும் ஆழவுழுவதும் அவற்றில் வலியுறுத்தப்பட்டன. ஆயின் 1960களின் பசுமைப் புரட்சி பாசன நிலங்களையே சார்ந்து நின்றது. குடபுலவியனார் சுட்டிய அரசியல் கணக்கு மீண்டும் வென்றது. 1970இல் அனைத்திந்தியப் புன்செய் வேளாண்மை ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் உருவாயிற்று. கரிசல் நிலத்துக் கோவில்பட்டியும் அதன் மையங்களுள் ஒன்றாயிற்று. அனுமந்தராவ் குழுவின் 1994ஆம் ஆண்டு அறிக்கை, நீர்வடிப்பகுதியை அலகாகவும் ஊர்மக்களைப் பங்காளிகளாகவும் கொள்ளும் நெறிமுறைக்கு வழிவகுத்தது. 2006இல் தேசிய மானாவாரிப் பகுதி ஆணையம் தில்லியில் நிறுவப்பெற்றது. காலநிலை மாற்றத்தைத் தாங்கும் வேளாண்மைக்கான தேசியத் திட்டம் 2011இல் தொடங்கியது.

முடிவுரை

சில நாள்களில் பெருமழையும் அதன்பின் நீண்ட வறட்சியும் நேரும் காலத்தில் இவ்விரு நெறிகளும் தனித்தனியே போதா. சரிவுக்குக் குறுக்கே உழுத மண் முதல் மழையை உட்கொள்ளும். மிஞ்சி ஓடும் நீரைப் பண்ணைக்குட்டை ஏந்தும். கதிர் பிடிக்கும் வேளையில் மழை பொய்த்தால் அந்நீரால் ஒருமுறை பாய்ச்சுவதே விளைச்சலைக் காக்கும். குட்டை வெட்டும் செலவு ஏழை உழவனின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. மண்ணின் போக்கறியும் அறிவோ அரசிடம் இல்லை. வரவை மட்டும் கணக்கிட்டு நிலத்தை மதிக்கும் அரசு, நாட்டின் சரிபாதி உழுநிலத்தைக் கைவிட்டதாகும். குடபுலவியனார் வேந்தனிடம் கேட்டதைக் குறள் உழவனிடம் கண்டதோடு இணைப்பதே இன்றைய தேவையாகும்.