பொன்மலைக்குப் பின்னால் ஒரு துறைமுகம்

இந்த எபிசோட்ல துறைமுகங்களைப் பத்திப் பேசப்போறோம். ஸ்ரீரங்கத்துல, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல உட்கார்ந்துகிட்டு உனக்கு எதுக்குப்பா துறைமுகம்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா திருச்சியை ஒரு ரயில்வே ஊரா மாத்தினதுல, கிழக்கே இருக்கிற ஒரு துறைமுகத்தோட வீழ்ச்சிக்கும் பங்கு இருக்கு.

இது எனக்குப் புரிஞ்சது காலேஜ் படிக்கும்போது. கூடப் படிச்ச நண்பனோட வீடு பொன்மலையில. அவனோட தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். "உங்களுக்குச் சொந்த ஊர் எது தாத்தா?"ன்னு சும்மா கேட்டேன். "நாகப்பட்டினம்"னார். பொறந்தது பொன்மலையில, வேலை பார்த்தது பொன்மலையில, ஆனா சொந்த ஊர் நாகப்பட்டினம். "எங்கப்பா ஒர்க்‌ஷாப்போட வந்தவர்"னு சொன்னார். ஒரு ஆள் ஒர்க்‌ஷாப்புக்கு வர்றது சரி, ஒர்க்‌ஷாப்போட எப்படி வர்றது? அந்தக் கேள்விதான் இந்த எபிசோட்.

நாகப்பட்டினம் சாதாரண ஊர் இல்ல. முதலாம் ராஜராஜன் காலத்துல, இன்னைக்கு இந்தோனேசியா, மலேசியா இருக்கிற பக்கத்துலேர்ந்து ஸ்ரீவிஜய அரசர் அங்க ஒரு புத்த விகாரையே கட்டினார். சூடாமணி விகாரைன்னு பேரு. பிறகு போர்ச்சுகீசியர் வந்தாங்க. 1658ல டச்சுக்காரங்க பிடிச்சாங்க. 1781ல ஆங்கிலேயர் கைக்குப் போச்சு.

1850கள்ல லண்டன்ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. பேரு கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. காவிரி டெல்டாவுக்கு ரயில் விடணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? தண்டவாளம், இன்ஜின் எல்லாம் இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல வரணும். டெல்டாவுல விளையற நெல் கப்பல்ல வெளியே போகணும். அதனால நாகப்பட்டினத்துலயே தலைமையகத்தைப் போட்டு, அங்கேர்ந்து மேற்கே பாதை போட்டாங்க. 1861ல தஞ்சாவூர், 1862ல திருச்சி. சுமார் 125 கிலோமீட்டர். திருச்சிக்கு வந்த முதல் ரயில் பாதை இதுதான். சென்னையிலேர்ந்து வரல, கடற்கரையிலேர்ந்து வந்தது.

மாட்டு வண்டியில நாள்கணக்கா போன சரக்கு இப்ப சில மணி நேரத்துல கடற்கரைக்குப் போயிடுது. நாகப்பட்டினம் அப்படியே மேல போயிருக்கணும் இல்லையா? சில காலம் வியாபாரம் நல்லாத்தான் நடந்தது. ஆனா ஒரு சிக்கல் இருந்தது.

நாகப்பட்டினத்துல பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடல் ஆழம் கம்மி. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். சரக்கை மூட்டை மூட்டையா தோணியில ஏத்தி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய், மறுபடி கப்பல்ல ஏத்தணும். பருவமழைக் காலத்துல கடல் கொந்தளிச்சா அதுவும் நின்னுடும். நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது உடனே புரியும். பத்து சர்வீஸ் இருக்கிற சிஸ்டத்துல ஒன்பதை வேகமாக்கிட்டு, மெதுவா இருக்கிற அந்த ஒண்ணை அப்படியே விட்டா, மொத்த சிஸ்டத்தோட வேகம் அந்த ஒண்ணோட வேகம்தான். ரயில் கொண்டுவந்து கொட்டின சரக்கு தோணிக்காகக் காத்துக் கிடந்தது.

அதே சமயம் சென்னையில என்ன நடந்தது? அங்கயும் இதே பிரச்சினைதான். இயற்கைத் துறைமுகம் கிடையாது, அலை மேல மசூலா படகுலதான் சரக்கு. 1870கள்ல கடலுக்குள்ள கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. கிட்டத்தட்ட முடியற நேரத்துல, 1881 நவம்பர்ல ஒரு புயல் வந்து பெரும் பகுதியை அடிச்சுட்டுப் போயிடுச்சு. விடல, திரும்பக் கட்டினாங்க. அப்பவும் கிழக்கு வாசல் வழியா அலையும் மணலும் உள்ள வந்துகிட்டே இருந்தது. 1904ல துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்னு ஒரு இன்ஜினியர், அந்த வாசலை மூடிட்டு வடகிழக்குல புது வாசல் திறந்தார். கப்பல் நேரா வந்து நிக்கிற மேடை, சரக்குக் கிடங்கு, பக்கத்துலயே தண்டவாளம்னு எல்லாம் வந்தது. கணித மேதை ராமானுஜன் 1912ல குமாஸ்தாவா வேலைக்குச் சேர்ந்தது இதே ஸ்பிரிங் தலைவரா இருந்த சென்னைத் துறைமுகத்துலதான்.

இப்ப நாகப்பட்டினத்துக்கு வருவோம். துறைமுகத்தை வாழவைக்கப் போட்ட ரயில் பாதை, அதே துறைமுகத்துக்குப் போட்டியைக் கொண்டுவந்தது. 1874ல கம்பெனி இன்னொரு கம்பெனியோட சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு. 1876ல தண்டவாளம் தூத்துக்குடியைத் தொட்டது. சென்னைக்கும் பாதை வந்தது. 1914ல பாம்பன் பாலம் முடிஞ்சு தனுஷ்கோடியிலேர்ந்து இலங்கைக்குக் கப்பல் ஓடினது. திருச்சியில நெல்லோ தோலோ வச்சிருக்கிற வியாபாரிக்கு முன்னாடி ரயில்ல போகக்கூடிய துறைமுகம் ஒண்ணுதான். இப்ப பல திசை. எங்க கப்பல் சீக்கிரம் ஏத்துதோ அங்க அனுப்புவார். பாதை துறைமுகத்துக்குச் சரக்கைக் கொண்டுவரும், அதே பாதை சரக்கை வேற துறைமுகத்துக்கும் கொண்டுபோகும். பாதை போட்டாச்சு, இனி ஊர் முன்னேறிடும்னு யாராவது சொன்னா, எனக்கு நாகப்பட்டினம்தான் ஞாபகத்துக்கு வரும்.

பாதை எல்லாம் கூடுற இடம் எது? திருச்சி. தலைமையகம் திருச்சிக்கு வந்துடுச்சு. நாகப்பட்டினத்துல மிச்சம் இருந்த பெரிய விஷயம், ரயில்வே ஒர்க்‌ஷாப். இன்ஜின் வரக்கூடிய துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒர்க்‌ஷாப் இருக்கணும்ங்கிற அந்தப் பழைய கணக்கு இப்ப செல்லாது. 1920கள்ல பொன்மலையில புது ஒர்க்‌ஷாப்பும் காலனியும் கட்டினாங்க. 1928ல நாகப்பட்டினம் ஒர்க்‌ஷாப் இங்க வந்தது.

"ஒர்க்‌ஷாப்போட வந்தவர்"னு தாத்தா சொன்னது இதைத்தான். ஆனா எல்லாராலயும் வர முடியல. ஒர்க்‌ஷாப்களை ஒண்ணாக்கிறதோட, மூவாயிரம் பேருக்கும் மேல வேலையை விட்டு அனுப்பக் கம்பெனி திட்டம் போட்டது. 1928 ஜூலையில தென்னிந்தியா முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் போன்ற தலைவர்களைக் கைது செஞ்சு சிறையில போட்டாங்க. மாசக் கடைசியில போராட்டம் தோத்துப்போச்சு. துறைமுகத்துக்கு ஆழம் இல்லாம போனதுக்கு அந்தத் தொழிலாளிங்க என்ன செய்வாங்க? ஆனா விலை கொடுத்தது அவங்க.

துறைமுகம் ஒரேயடியா செத்துடல. ரஜூலான்னு ஒரு கப்பல், 1926லேர்ந்து 1970கள் வரைக்கும், சென்னையில புறப்பட்டு நாகப்பட்டினம் வழியா பினாங்கு, சிங்கப்பூர் போச்சு. நம்ம மாவட்டங்கள்லேர்ந்து மலாயாவுக்குப் போன எத்தனையோ குடும்பங்களுக்கு, ஊரோட கடைசிக் காட்சி நாகப்பட்டினம் கரைதான். அப்பவும் தோணியில போய்த்தான் கப்பல் ஏறணும். 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கினபோது எனக்கு ரொம்ப சந்தோஷம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினதும் சில நாள்லயே நின்னு, மறுபடி 2024 ஆகஸ்ட்லதான் ஓடினது. அந்தக் கடல் இன்னும் அதே கடல்தான்.

ஆனா இப்ப ஒரு ட்விஸ்ட். நாகூரைத் தாண்டின உடனே, காரைக்கால் பகுதியில இருக்கிற வாஞ்சூர்ல 2009ல ஒரு தனியார் துறைமுகம் வந்தது. நாகப்பட்டினத்துக்கு அந்தக் காலத்துல செய்யாததை எல்லாம் அங்க செஞ்சாங்க. அலைதடுப்புச் சுவர் கட்டி, கடலை ஆழப்படுத்தி, ரயிலை உள்ள கொண்டுபோனாங்க. இன்னைக்கு அங்க இறங்குற நிலக்கரி, திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி வழியா மேற்கே போகுது. 1862ல போட்ட அதே வழி. அப்ப நெல் கிழக்கே போச்சு, இப்ப நிலக்கரி மேற்கே வருது. கூடவே, நிலக்கரித் தூசு வீட்டுக்குள்ள வருதுன்னு நாகூர் மக்கள் பல வருஷமா புகார் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

பொன்மலை ஒர்க்‌ஷாப் என்ன செய்யுது தெரியுமா? ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செஞ்சது நமக்குத் தெரியும். துறைமுகத்துலேர்ந்து கன்டெய்னரை ஏத்திக்கிட்டுப் போற தட்டையான வேகன்களையும் அங்க கட்டியிருக்காங்க. ஒரு துறைமுகத்தை விட்டு வந்த ஒர்க்‌ஷாப், மத்த துறைமுகங்களுக்கு வண்டி செஞ்சுகிட்டு இருக்கு.

அதனால அடுத்த தடவை ஏதாவது துறைமுகத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடுன்னு செய்தி வந்தா, மூணு கேள்வி கேளுங்க. கப்பல் கரை வரைக்கும் வருமா? கரையிலேர்ந்து சரக்கு எந்த ஊருக்குப் போகும்? கணக்கு மாறிப்போனா, அங்க வேலை செய்யற ஆளுங்களுக்கு யார் பொறுப்பு? 1862ல முதல் கேள்வியை யாரும் சரியா கேட்கல. 1928ல மூணாவது கேள்வியைக் கேட்டவங்களை ஜெயில்ல போட்டாங்க.

உங்க வீட்லயும் "ஒர்க்‌ஷாப்போட வந்தவங்க" யாராவது இருந்தா, அவங்க பேசுறதை போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. நாகப்பட்டினம், பொன்மலை, பினாங்கு, எங்கேர்ந்தா இருந்தாலும் சரி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.