ஜைத்தூன் நுரை: நாப்லுஸ், அலெப்போ சோப்புகளின் வரலாறு



சில வாரங்களுக்கு முன், குழந்தையின் அகீகாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளந்தந்தை ஒருவர் நம் மதரஸாவுக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கைவினைச் சவரச் சோப்பு ஒன்று அவர் கையில் இருந்தது. மூடியைத் திறந்ததும் சந்தன வாசம் அறையெங்கும் பரவியது. "மணம் நன்றாகத்தான் இருக்கிறது, ஹஜ்ரத். ஆனால் சேர்மானங்களில் முதலாவதாக விலங்குக் கொழுப்பு என்று போட்டிருக்கிறது. பிள்ளையின் தலையில் தடவலாமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, ஷாம் தேசத்தின் இரு நகரங்களுடைய வரலாறு நம் முன் விரிந்தது.

முதலில் ஒன்றை அறிந்துகொள்வோம். எண்ணெயோ கொழுப்போ காரத்துடன் சேர்ந்து மாறுவதே சோப்பு. சவரச் சோப்பின் நுரை அடர்த்தியாக நிற்க வேண்டும்; நீரைத் தன்னுள் பிடித்துவைக்க வேண்டும்; கத்தி நகரும்வரை காய்ந்துவிடக் கூடாது. இதற்கு உதவுவது ஸ்டீரிக் அமிலம். மாட்டுக் கொழுப்பில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உண்டு. ஜைத்தூன் எண்ணெயில் 100-க்கு 5 பங்கு கூட இராது. ஜைத்தூன் விளையாத வட ஐரோப்பாவில் விலங்குக் கொழுப்பே சோப்புக்கு முதலாயிற்று. எனவே அந்நாட்டுச் சவரச் சோப்புகளில் அது இடம்பெற்றதில் வியப்பில்லை. சந்தனமும் லாவெண்டரும் பிறகு சேர்க்கப்படுபவை. மணம் மூக்குக்கு இனிமை தரும். சோப்பு எதனால் ஆனது என்பதை அது சொல்லாது.

ஷாம் தேசத்தின் வழி வேறு. ஃபலஸ்தீனின் நாப்லுஸ் நகரைச் சுற்றிலும் ஜைத்தூன் தோப்புகள். கிராமங்களில் ஆட்டிய எண்ணெய் நகரத்து ஆலைகளுக்கு வந்து, நிலத்தடித் தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. காரம் எங்கிருந்து வந்தது? ஜோர்தான் நதிக்குக் கிழக்கே வளரும் உவர்ச் செடிகளைப் பதவீ மக்கள் எரித்துச் சாம்பலாக்கி, ஒட்டகங்களில் ஏற்றி அனுப்பினர். அச்சாம்பலுக்கு அரபியில் வழங்கிய 'அல்கலீ' என்ற பெயரே, இன்று உலகெங்கும் பள்ளிகளில் கற்பிக்கப்படும் 'ஆல்கலி' என்ற சொல்லாயிற்று. எண்ணெயும் கார நீரும் பெரும் செப்புக் கொப்பரையில் பல நாட்கள் கொதித்தன. பின் மேல்தளத்துத் தரையில் பரப்பி, ஆறவைத்து, வெட்டி, ஆலையின் முத்திரை பதித்தனர். கட்டிகளை உள்ளே வெற்றிடம் விட்டுக் கூம்புக் கோபுரங்களாக அடுக்கி, காற்றில் உலர்த்தினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் சுமார் 30 ஆலைகள் இயங்கின. நாப்லுஸ் சோப்பில் சேர்க்கப்பட்ட நறுமணம் எதுவுமில்லை.

சிரியாவின் அலெப்போவில், அதாவது ஹலப் நகரில், ஜைத்தூனோடு ஃகார் மரக்கனியின் எண்ணெயும் சேர்கிறது. பச்சிலையும் புகையும் கலந்தாற்போன்ற அதன் வாசம் அந்த எண்ணெயின் இயல்பே, புறத்தே தெளித்ததன்று. அதிலுள்ள லாரிக் அமிலம் நுரையைக் கூட்டுகிறது. குளிர்காலத்தில் காய்ச்சி, ஆறு முதல் ஒன்பது மாதங்கள் உலரவைப்பர். பச்சை நிறக் கட்டியின் மேற்புறம் மெல்லப் பொன்னிறமாகும். வெட்டிப் பார்த்தால் உள்ளே பசுமை அப்படியே இருக்கும். இந்தக் காத்திருப்பில் ஈரம் வெளியேறி, கட்டி இறுகி, நெடுநாள் உழைக்கும் தன்மை பெறுகிறது.

பொறுமையால் வளர்ந்த இக்கலையைப் பேரழிவுகள் பலமுறை தாக்கின. 1927-ல் நிகழ்ந்த நிலநடுக்கம் நாப்லுஸைச் சிதைத்தது. 2002 ஏப்ரலில் இஸ்ரேலிய இராணுவம் பழைய நகருக்குள் நுழைந்தபோது பழைமையான சோப்பு ஆலைகளும் இடிக்கப்பட்டன. 2012-ல் அலெப்போவை எட்டிய போரில் அங்கிருந்த ஆலைகள் பல பாழாயின. உரிமையாளர்கள் சிலர் துருக்கிக்குச் சென்று அங்கே கொப்பரை ஏற்றினர். 2023 பிப்ரவரியில் நிலநடுக்கமும் அந்நகரைக் குலுக்கியது. 2024-ல் யுனெஸ்கோ இவ்விரு நகரங்களின் சோப்புக் கலையையும் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் பெயர் ஏறுவது நல்லதே. ஆயினும் கொதிக்கும் கலவை எப்போது பதமாயிற்று என்று கண்டறியும் கைவினைஞர் மறைந்தால், அவ்வறிவைப் பட்டியலிலிருந்து மீட்க முடியாது.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். முறைப்படி அறுக்கப்பட்ட ஹலாலான பிராணியின் கொழுப்பு என்றால் சிக்கல் இல்லை. அவ்வாறல்லாத கொழுப்பு சோப்பாக மாறிவிட்டால், அம்மாற்றமே அதைத் தூய்மையாக்கிவிடும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹபிலோ மாற்றத்தால் தூய்மையாகுபவை மிகச் சிலவே; தானாக வினிகராக மாறும் மது அதற்கு எடுத்துக்காட்டு. சோப்பு அவற்றுள் அடங்காது. வந்தவர் ஷாஃபிஈ. கொழுப்பு எந்தப் பிராணியுடையது என்பதும் பெட்டியில் இல்லை. ஆகவே அதை விட்டுவிடுவதே பேணுதல் என்று கூறினோம்.

அவர் வாசனை சேர்க்காத ஜைத்தூன் சோப்பு ஒன்றை வாங்கிச் சென்றார். ஏழாம் நாள் நாமும் அங்கிருந்தோம். நுரை போதவில்லை என்று நாவிதர் முதலில் முணுமுணுத்தார். வெந்நீரை இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குழைத்ததும் கத்தி வழுக்கிச் சென்றது. குழந்தை அழவில்லை.

அடுத்த முறை சோப்பு வாங்கும்போது, முகர்ந்து பார்ப்பதற்கு முன் அது எதனால் ஆனது என்று படித்துப் பார்ப்போம். அக்கேள்விக்கு நேர்மையான விடை தரும் ஒரு கட்டிக்காக ஒன்பது மாதங்கள் காத்திருந்த கைகளையும் அப்போது நினைப்போம். அந்நகரங்களின் மக்களுக்கு அல்லாஹ் அமைதியையும், அவர்களின் உழைப்பில் பரக்கத்தையும் அருள்வானாக. ஆமீன்.