மூப்பும் குறுங்கால நினைவும்: குரங்கினத்து ஆராய்ச்சி வரலாறு

கண்ணெதிரே கண்டதொன்றை, அது மறைந்த பின்னும் சில செக்கன்கள் மனத்திற் பற்றி வைத்திருக்கும் ஆற்றலே குறுங்கால நினைவு. பேச்சற்ற விலங்கினிடத்து இதனை அளப்பது எங்ஙனம்? 1913 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் வோல்ற்றர் ஹன்ரர் இதற்கொரு வழி கண்டார். உணவுள்ள திசையை ஒளியாற் காட்டி, ஒளியை அணைத்து, சிறிது தாமதித்தே விலங்கை விடுவித்தார். எலியும் நாயும் உடலை அத்திசைக்கே திருப்பி நின்று வழி கண்டன. இதனை நினைவென்று கொள்ளுதல் அரிது. குழந்தைகளோ அங்ஙனம் நில்லாமலே வழியறிந்தனர்.

1930களில் யேல் பல்கலைக்கழகத்துக் கார்லைல் ஜேக்கப்சன் இச்சோதனையைக் குரங்கினத்திற் கையாண்டார். மூளையின் நெற்றிமடல் சிதைக்கப்பட்ட குரங்குகள், கிண்ணத்தின் கீழ் மறைத்த உணவின் இடத்தைச் சில செக்கன்களுள் இழந்தன. அம்மடலிலுள்ள நரம்புக் கலங்கள் சில, குறி மறைந்த பின்னும் ஓயாது துடித்தல் 1971 இல் அறியப்பட்டது.

மூப்பு பற்றிய வினாவுக்குத் தெளிவான விடை தந்தது, றேமண்ட் பார்ட்டசும் உடனாய்வாளரும் 1978 இல் வெளியிட்ட ஆய்வாகும். தாமதமின்றிச் சோதித்தபோது முதிய றீசசுக் குரங்குகள் இளையவற்றுக்கு இணையாகவே விடையளித்தன. தாமதம் சில செக்கன்கள் நீண்டதும் அவை பெரிதும் பின்தங்கின. கண் மங்கியதோ, சோதனையின் விதி மறந்ததோ காரணமாயின், தாமதமில்லாத போதும் அவை தவறியிருத்தல் வேண்டும். முதியோரின் மறதியை மந்தபுத்தி என்று ஒதுக்குவோர் இதனை ஊன்றி நோக்குதல் நன்று. 2011 இல் யேல் ஆய்வாளர் இதன் உட்காரணத்தையும் காட்டினர்: குறியைக் கண்டு துடிக்கும் கலங்கள் முதுமையிலும் மாறவில்லை, குறி மறைந்த பின் துடிக்க வேண்டிய கலங்களே தளர்ந்தன. தகுந்த மருந்தை அவற்றருகே செலுத்தியபோது அத்துடிப்பு ஓரளவு மீண்டது. ஆகவே கலங்கள் மடிந்தொழிந்தன என்று கூறவியலாது.

றீசசுக் குரங்கு மூப்பெய்த ஏறத்தாழ இருபது ஆண்டு செல்லும். காத்திருக்கும் ஆராய்ச்சியாளரும் உடன் மூப்பெய்திவிடுவர்! எனவே அறிஞர் சிறு குரங்குகளை நாடினர். வடகிழக்குப் பிறேசிலுக்குரிய மார்மோசெற் குரங்கு அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையது. எட்டு வயதளவில் முதுமையடைவது. கலிபோர்ணியாவிலுள்ள சால்க் நிலையத்தார் 2022 இல் வெளியிட்ட ஆய்வில், திரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் உருவங்களுள் புதியதை இக்குரங்குகள் தொட்டுக் காட்டவேண்டியிருந்தது. வயது ஏற ஏற, அவை நினைவிற் கொள்ளும் உருவங்களின் தொகை குறைந்தது. அஃதன்றி, பணியைக் கற்கும் திறனும் வயதோடு தளர்ந்தது. கற்றலுக்கும் நினைவுக்கும் இடையே 1978 இன் ஆய்வு காட்டிய எல்லை, இச்சிறு குரங்கினிடத்து அத்துணைத் தெளிவாக இல்லை.