யாருடைய ஒலிப்பு? எழுத்துக்கூட்டற் சீர்திருத்தம் பற்றிய சில குறிப்புகள்

தமிழை ஒலிக்கிறபடியே எழுதிவிடலாம் என்னும் கோரிக்கை பெரும்பாலும் சாதாரண மக்களின் பெயராலேயே முன்வைக்கப்படுகிறது. ரகர றகரங்களையும் லகர ளகர ழகரங்களையும் பிரித்தெழுதத் தெரியாத பிள்ளை பிரம்படி வாங்கியமை நமது கல்வி வரலாற்றில் மறைக்கமுடியாத உண்மை. எனவே இக்கோரிக்கையைப் பண்டித மனோபாவத்துடன் ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. ஆயின், யாருடைய ஒலிப்பு என்னும் வினாவை எழுப்பாது இதனை ஏற்பதும் இயலாது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்தி, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டவை வரிவடிவ மாற்றங்கள். ணா, றா, னா, லை முதலியவற்றின் உருவம் மாறிற்று. அச்சுக்கோப்போரின் சுமை குறைந்தது. சொற்களின் எழுத்துக்கூட்டல் மாறவில்லை. ஐகார ஔகாரங்களுக்குப் பதிலாகப் பெரியார் கைக்கொண்ட 'அய்', 'அவ்' என்பனவே எழுத்துக்கூட்டலைத் தொட்டவை. அவற்றை அரசாணை ஏற்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

முற்போக்காளர் சிலர் 1918ஆம் ஆண்டின் ரஷ்யச் சீர்திருத்தத்தை முன்மாதிரியாகக் காட்டுவர். புரட்சியரசு அங்கு நீக்கிய எழுத்துகள் பொது ரஷ்ய மொழியில் ஒலிவேறுபாட்டை இழந்துவிட்டவை. தமிழின் நிலை அத்தகையதன்று. இதற்கு நூலகத்துக்குச் செல்லவேண்டியதில்லை. செட்டிகுளத்துக்குச் சென்றாற் போதும்.

வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இடையிலுள்ள இவ்வூரின் பெயரே சிக்கலானது. 'செட்டிகுளம்' என்றும் 'செட்டிக்குளம்' என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது டகரத்துக்கு இரட்டை 'டி' இடும் ஈழத்து வழக்கம் வட்டுக்கோட்டையைப் போலவே இதனையும் பற்றிக்கொண்டது. இவ்வூரை அடுத்த மெனிக் பாமில் 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்ரெம்பரிலேயே அது மூடப்பட்டது. அங்கிருந்தோர் ஒரே பேச்சினரல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியிற் குடியேறிய கமக்காரர், வன்னியின் பழங்குடிகள், 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்தோர் ஆகிய பலரும் அங்கு அடைபட்டிருந்தனர்.

'காற்று' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தவர் நுனிநாவை மேலீற்றில் ஒட்டி றகரத்தைத் தனியொலியாகவே ஒலிப்பர். மலையகத்தவரின் பேச்சில் அது 'காத்து'. ஒலிக்கிறபடி எழுதுவதாயின் ஒரே கூடாரத்துப் பிள்ளைகள் இருவர் இருவேறு சொற்களை எழுதுவர். அல்லது ஒருவரது ஒலிப்பு மற்றவர்மீது திணிக்கப்படும். திணிப்பவர் தோட்டத் தொழிலாளியின் வழித்தோன்றலாக இருக்கமாட்டார் என்பதை ஊகிக்க அதிக வர்க்க ஆய்வு தேவையில்லை. யாழ்ப்பாணப் பேச்சும் இழப்பற்றதன்று: அங்கு ழகரம் பெரும்பாலும் ளகரத்துடன் கலந்துவிட்டது. ஒரு வட்டாரம் இழந்ததை மற்றொன்று வைத்திருக்கிறது. எழுத்துத் தமிழ் இவ்வனைத்தின் பொதுக் கணக்கு. முழுமையாக எவருடைய வாய்ப்பேச்சும் அன்று. அதனாலேதான் அம்முகாமிலிருந்த பிள்ளைகள் 2009இல் புலமைப்பரிசில் பரீட்சையையும் உயர்தரப் பரீட்சையையும் ஏனைய தமிழ்ப் பிள்ளைகளின் எழுத்துக்கூட்டலிலேயே எழுத முடிந்தது.

ஒலிப்பைப் பின்பற்றி எழுதினால் விளைவது யாது என்பதைப் பிறமொழிச் சொற்கள் ஏற்கெனவே காட்டிவிட்டன. தமிழகத்தார் 'டயர்', 'டி.வி.', 'டிக்கெட்' என்பர். நாம் 'ரயர்', 'ரி.வி.', 'ரிக்கற்' என்போம். நமது வழக்குக்குக் காரணம், மேற்கூறிய றகர ஒலி நம்மிடம் உயிரோடிருப்பதே. அறியாமையன்று. இரு தரப்பினரும் தத்தம் காதுக்கு நேர்மையாகவே எழுதினர். ஆயினும் தமிழக வாசகர் நமது 'ரயர்' கண்டு திகைக்கின்றனர். விரல்விட்டு எண்ணக்கூடிய கடன்சொற்களில் நேர்ந்த இப்பிரிவு முழுச் சொற்றொகுதிக்கும் பரவுமாயின், இவர்தம் நூலை அவர் வாசிப்பதே அரிதாகும்.

பேச்சொலியை எழுத்திலே பதிவதை நாம் எதிர்க்கிறோம் என இதற்குப் பொருள்கொள்ளலாகாது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணப் பேச்சை மேடைக்குக் கொணர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் மூண்ட மரபுப் போராட்டத்தில் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என இகழ்ந்தபோது, பாத்திரங்கள் தம் வாய்மொழியிலேயே பேசவேண்டுமென முற்போக்கு எழுத்தாளர் வாதிட்டனர். அவ்வாதம் கதைமாந்தரின் உரையாடல் பற்றியது. ஒரு மலையகத் தாய் கதையில் 'காத்து' எனும்போது அதனைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை. அவளது மகள் பரீட்சைத்தாளில் 'காற்று' என எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் பிரம்பை எடுக்காதிருக்கட்டும்.